பச்சைக் குழந்தையின் தலையில் நீர்: குழாயா, துவாரமா?

(நம் சங்கத்தின் நாக்பூர் மாதாந்திரக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற மூளை அறுவை மருத்துவரான நமது அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை. அவர் பேசிய நடையிலேயே தந்திருக்கிறோம்.)



காரியதரிசி என்னிடம், "சர்க்கரை வியாதி, முழங்கால் வலி, இப்படி ஏதாவது பேசுங்கோ, கூட்டம் வரும்" என்றுதான் கேட்டுக்கொண்டார். நான்தான் பிடிவாதமாக இந்தத் தலைப்பைக் கொடுத்தேன். காரணம் இதுதான்.

போன நவராத்திரியில் ஓர் ஆத்துக்குக் கொலு பார்க்கப் போயிருந்தோம். சுண்டல் பொட்டலத்தை என் கையில் கொடுத்த மாமி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "டாக்டர், என் பேரனுக்கு மூணு மாசம். தலையில தண்ணி சேர்றதாம். இங்கே ட்யூப் வைக்கணும்கறா. அமெரிக்காவில இருக்கற என் தம்பி, ட்யூபே வேண்டாம், உள்ளே ஒரு துளை போட்டாலே போதும்கறான். எது உசத்தி?"

வாசற்படியில் நின்றுகொண்டு பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. மறுநாள் காலை மறுபடி போய், ஸ்கேனைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் பேசினேன். அன்று அவர்களிடம் சொன்னதைத்தான் இன்று உங்களிடமும் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு இருந்தால் "நீர் கோத்துக்கும்" என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்களே, அது வேறு. அது மூக்கு சமாச்சாரம். நான் சொல்வது மூளைக்குள் இருக்கும் நீர். ஹைட்ரோகெஃபலஸ் என்று அதற்குப் பெயர்.

நம் எல்லோருடைய மூளைக்குள்ளும் வென்ட்ரிகிள் என்ற நான்கு சிறு அறைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் ஒருவகைத் திசு, பளிங்கு போன்ற ஒரு நீரைச் சுரந்துகொண்டே இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி சுரக்கிறது. ஆனால் எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது சுமார் 150 மில்லிதான். அதாவது ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் பழைய நீர் போய்ப் புது நீர் வருகிறது. அறைகளைக் கடந்து, மூளையின் வெளிப்புறம் வந்து, அங்கே ரத்தத்தில் கலந்துவிடுகிறது.

தொட்டியில் விழும் குழாயை மூட முடியாது. வடிகால் அடைத்துக்கொண்டால் தொட்டி நிரம்பத்தானே செய்யும்? அதுதான் இந்த வியாதி. அடைப்புக்குக் காரணம் பல. மூன்றாவது அறையிலிருந்து நான்காவது அறைக்குப் போகும் ஊசித்துளை போன்ற பாதை பிறவியிலேயே குறுகியிருக்கலாம். முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்த குழந்தையாக இருக்கலாம். குறைமாதத்தில் பிறந்து மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். மூளைக்காய்ச்சல் வந்து போயிருக்கலாம். காரணம் எது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்கே திரும்பி வருவேன்.

பெரியவர்களுக்கு இப்படி நேர்ந்தால் மண்டையோடு இடம் கொடுக்காது. தலைவலி, வாந்தி என்று உடனே தெரிந்துவிடும். பச்சைக் குழந்தைக்கு மண்டை எலும்புகள் இன்னும் சேரவில்லை. ஆகவே தலை பெரிதாகி இடம் கொடுக்கிறது. அது நமக்குக் கொஞ்சம் அவகாசம் தருகிறது. அதே காரணத்தால் நம்மை ஏமாற்றியும் விடுகிறது. "தாத்தாவுக்கும் பெரிய தலைதான், குழந்தை மகா மேதாவியா வருவான்" என்று சந்தோஷமாகச் சொல்லி இரண்டு மாதத்தைத் தொலைத்துவிட்டு வந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். சில குழந்தைகளுக்குப் பரம்பரையாகவே தலை பெரிதாக இருக்கும், அது உண்மைதான். ஆனால் அதை ஸ்கேன் சொல்ல வேண்டும், நாம் சொல்லக் கூடாது.

இப்போது சிகிச்சைக்கு வருவோம். இதற்கு நிரந்தரமாகப் பலன் தரும் மருந்து கிடையாது. அறுவைச் சிகிச்சைதான். அதில் இரண்டு வழி.

முதல் வழி குழாய். ஷன்ட் என்பார்கள். மூளை அறையிலிருந்து ஒரு மெல்லிய சிலிகோன் குழாய் புறப்பட்டு, தலைத்தோலுக்கு அடியில் ஒரு சிறு வால்வு வழியாக, கழுத்து, மார்பு தாண்டி வயிற்றுக்குள் போய் முடிகிறது. எல்லாமே தோலுக்கு அடியில். அதிகப்படி நீர் வயிற்றுக்குள் வடிந்து உடம்பில் கலந்துவிடும். குழந்தை வளர வளரக் குழாய் எட்ட வேண்டும் என்பதற்காக, வயிற்றுக்குள் கொஞ்சம் நீளத்தை உபரியாகவே விட்டுவைப்போம்.

இந்த வால்வுக்குப் பின்னால் இரண்டு தகப்பனார்களின் கதை இருக்கிறது. அமெரிக்காவில் ஜான் ஹோல்டர் என்ற இயந்திரத் தொழில்நுட்பக்காரருக்கு 1955-ல் இந்த வியாதியோடு ஒரு பிள்ளை பிறந்தான். ஆஸ்பத்திரியில் குழாய்கள் அடைத்துக்கொள்வதைப் பார்த்த அவர், தன் பட்டறையிலேயே உட்கார்ந்து 1956-ல் சிலிகோன் வால்வைச் செய்தார். இன்னொருவர் குழந்தைகளுக்குக் கதை எழுதிய ரோல்டு டால். 1960 டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு டாக்சி மோதி, அவருடைய நாலு மாதக் குழந்தைக்குத் தலையில் அடிபட்டு நீர் சேர்ந்தது. அவர் விமான பொம்மைகளுக்கு எஞ்சின் செய்யும் ஸ்டான்லி வேட் என்பவரையும், லண்டன் மூளை மருத்துவர் கென்னத் டில்லையும் சேர்த்துக்கொண்டு 1962-ல் ஒரு வால்வை உருவாக்கினார். அது தயாரானபோது அவர் பிள்ளைக்கே அது தேவைப்படவில்லை. ஊரார் குழந்தைகளுக்கு உதவியது. மூவரும் லாபம் எடுத்துக்கொள்ளவில்லை.

நம் தேசத்துக்கும் இதில் பெருமை உண்டு. உத்தரப் பிரதேசத்தில் ஷாஜஹான்பூரில் தயாராகும் சாப்ரா ஷன்ட்டை உகாண்டாவில் 195 குழந்தைகளிடம் ஓர் அமெரிக்க ஷன்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2005-ல் முடிவு வெளியானது. ஒரு வருஷப் பலனில் வித்தியாசமே இல்லை. விலையில்தான் வித்தியாசம். அந்த ஆய்வின்போது நம்முடையது 35 டாலருக்கும் குறைவாக இருந்தது, மற்றது அறுநூறு டாலருக்கு மேல் இருந்தது. "வெளிநாட்டு ட்யூப் வரவழைக்கலாமா டாக்டர்?" என்று நகையை அடகு வைக்கப் புறப்படும் பெற்றோரிடம் இதைத்தான் சொல்லுவேன்.

ஆனால் குழாயின் குறை என்ன? அடைத்துக்கொள்ளும், பிரிந்துகொள்ளும், கிருமி தொற்றும், சில சமயம் தேவைக்கு அதிகமாக வடித்தும்விடும். 1998-ல் வெளியான ஓர் ஆய்வில் 344 குழந்தைகளுக்கு மூன்று வகை வால்வுகளை வைத்துப் பார்த்தார்கள். எந்த வால்வானாலும் சரி, முதல் வருஷத்துக்குள் பத்தில் நாலு ஷன்ட்கள் ஏதோ ஒரு விதத்தில் பழுதாயின. கிருமித் தொற்றைக் குறைக்க இப்போது மருந்து ஊறிய குழாய்கள் வந்துவிட்டன. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1,600 பேருக்கு மேல் சேர்த்து நடத்தி 2019-ல் வெளியான சோதனையில், சாதாரணக் குழாயில் 6 சதவீதமாக இருந்த தொற்று, மருந்து ஊறிய குழாயில் 2 சதவீதமாகக் குறைந்தது.

இரண்டாவது வழி துவாரம். மண்டையில் சிறு துளை போட்டு, எண்டோஸ்கோப் என்ற கேமரா குழலை உள்ளே செலுத்தி, மூன்றாவது அறையின் அடித்தளத்தில் ஒரு துவாரம் செய்கிறோம். அடைத்த பாதையைச் சுற்றிக்கொண்டு நீர் வெளியே வந்துவிடும். உடம்பில் எந்தப் பொருளையும் விட்டு வருவதில்லை. இது நேற்று வந்த வித்தை அல்ல. 1923-லேயே பாஸ்டனில் வில்லியம் மிக்ஸ்டர் என்பவர், சிறுநீர்ப்பாதையைப் பார்க்கும் கருவியைக் கொண்டே ஒரு குழந்தைக்குச் செய்திருக்கிறார்.

இதன் குறை என்ன? துவாரம் தானாக மூடிக்கொள்ளலாம், பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். துவாரம் போடும் இடத்துக்கு நேர் கீழே ஒரு பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. அதில் பட்டுவிட்டால் ஆபத்து. அபூர்வம்தான், ஆனால் இல்லை என்று சொல்ல மாட்டேன். தவிர, கைக்குழந்தைகளுக்கு வெளியே வந்த நீரை உறிஞ்சும் சக்தி இன்னும் சரியாக அமைந்திருக்காது. வடிகாலைத் திறந்தாலும் நீர் வற்றாது.

அதனால் உகாண்டாவில் ம்பாலே என்ற ஊரில் டாக்டர் பெஞ்சமின் வார்ஃப் ஒரு காரியம் செய்தார். துவாரத்தோடு கூட, நீர் சுரக்கும் திசுவையும் அதே எண்டோஸ்கோப் வழியாகச் சுட்டுக் குறைத்தார். வடிகாலையும் திறந்து, குழாயையும் கொஞ்சம் மூடுவது போல. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் துவாரம் மட்டும் போட்டால் 47 சதவீதம் வெற்றி, இரண்டும் சேர்த்துச் செய்தால் 66 சதவீதம் என்று 2005-ல் எழுதினார். ஷன்ட் அடைத்துக்கொண்டால் ஆஸ்பத்திரிக்கு வர வழியில்லாத கிராமத்துக் குழந்தைகளுக்காக அவர் யோசித்த வழி இது.

சரி, எது உசத்தி? நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகள் இரண்டைச் சொல்கிறேன்.

உள்பாதை குறுகிப்போன இரண்டு வயதுக்குட்பட்ட 158 குழந்தைகளைப் பல நாடுகளில் பார்த்தார்கள். 2016-ல் வெளிவந்தது. ஒரு வருஷம் கழித்து, மறு ஆபரேஷன் தேவைப்படாமல் இருந்தவர்கள் ஷன்ட்டில் 83 சதவீதம், துவாரத்தில் 66 சதவீதம். அப்படியானால் ஷன்ட்தான் ஜெயித்தது என்று தோன்றும். ஆனால் அதே குழந்தைகளை ஐந்து வயதில் பார்த்தபோது, ஆரோக்கியத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் இரண்டு பிரிவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

இன்னொன்று 2017-ல் வந்தது. டொரான்டோ டாக்டர் அபய குல்கர்ணியும், வார்ஃபும் மற்றவர்களும் சேர்ந்து, உகாண்டாவில் கிருமித் தொற்றுக்குப் பிறகு நீர் சேர்ந்த ஆறு மாதத்துக்குட்பட்ட 100 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு ஷன்ட், பாதிப் பேருக்குத் துவாரமும் சுடுவதும். ஒரு வருஷத்தில் தோல்வி, ஷன்ட்டில் 24 சதவீதம், எண்டோஸ்கோப்பில் 35 சதவீதம். கணக்கியல்படி இதை நிச்சயமான வித்தியாசம் என்று சொல்ல முடியாது. குழந்தையின் அறிவு வளர்ச்சியிலும் மூளையின் அளவிலும் கூட நிச்சயமான வித்தியாசம் இல்லை.

ஆக, உசத்தி தாழ்த்தி கிடையாது. இந்தக் குழந்தைக்கு, இந்த வயதில், இந்தக் காரணத்துக்கு எது பொருந்தும் என்பதுதான் கேள்வி. அதற்கு குல்கர்ணியே 2009-ல் ஒரு சுலபமான கூட்டல் கணக்குப் போட்டுக் கொடுத்தார். வயதுக்கு இத்தனை மார்க், காரணத்துக்கு இத்தனை, முன்பு ஷன்ட் வைக்காமல் இருந்தால் 10. கூட்டினால் துவாரம் ஆறு மாதம் நிலைப்பதற்கான வாய்ப்பு, சதவீதத்தில் கிடைத்துவிடும். எட்டு மாதக் குழந்தை, பாதை மட்டும் குறுகல், ஷன்ட் வைத்ததில்லை என்றால் 30, 30, 10 ஆக 70. துவாரத்தை முயன்று பார்க்கலாம். மூன்று மாதக் குழந்தை, மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு வந்தது என்றால் 10, பூஜ்யம், 10 ஆக 20தான்.

அந்த இருபதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு குழந்தை ஞாபகம் வரும். இதைச் சபையில் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லாவிட்டால் இந்தப் பேச்சுக்கே அர்த்தமில்லை.

2006. எங்கள் பிரிவுக்குப் புது எண்டோஸ்கோப் வந்திருந்த சமயம். புதுக் கருவி வந்தால் டாக்டர்களும் குழந்தைகள் மாதிரிதான். பேதுல் பக்கத்துக் கிராமத்திலிருந்து மூன்று மாதப் பெண் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். மூளைக்காய்ச்சல் வந்து போய் நீர் சேர்ந்திருந்தது. துவாரம் மட்டும் போட்டேன். ஆபரேஷன் அழகாக முடிந்தது. நான் சொன்ன அந்தக் கூட்டல் கணக்கு அப்போது இல்லை. ஆனால் இவ்வளவு சின்ன வயதும் தொற்றும் சேர்ந்தால் துவாரம் நிலைப்பது கஷ்டம் என்பது எனக்கு ஓரளவு தெரிந்தேதான் இருந்தது. அந்தத் தகப்பனாரிடம் நான் சொன்னது: "ட்யூப் வைக்காமலே முடித்துவிட்டேன், கவலைப்படாதே." இன்னொரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். "இது மூடிக்கொள்ளலாம். வாந்தியோ தூக்கமோ அதிகமானால் அன்றைக்கே ரயில் ஏறு." அதைச் சொல்லவில்லை.

ஏழு வாரம் கழித்துத் துவாரம் மூடிக்கொண்டது. குழந்தை வாந்தி எடுத்தது. உச்சிக்குழி உப்பி இருக்கிறது என்று அந்தக் குழந்தையின் பாட்டி முதல் நாளே சொல்லியிருக்கிறாள். "டாக்டர் சாகிப் முடித்துவிட்டதாகச் சொன்னாரே" என்று வீட்டார் வயிற்றுக்கு மருந்து கொடுத்துக்கொண்டு பதினோரு நாள் காத்திருந்தார்கள். வந்த அன்று இரவே ஷன்ட் வைத்தேன். உயிர் பிழைத்தது. பார்வை முழுவதும் திரும்பவில்லை. அந்தப் பாட்டி என்னைத் திட்டவில்லை. "நான் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை" என்று மட்டும் ஹிந்தியில் சொன்னாள். அந்தக் குழந்தை துவாரத்தால் பார்வை இழக்கவில்லை. அந்தப் பதினோரு நாளால் இழந்தது. அந்தப் பதினோரு நாளுக்குப் பொறுப்பு நான்.

அதற்குப் பிறகு நான் செய்த ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் முன்னால், வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டுவது யார் என்று கேட்டு, அவரையும் அழைத்து உட்கார வைத்துத்தான் பேசினேன்.

ஆகவே இங்கே இருக்கும் பாட்டி தாத்தாக்களே, இது உங்கள் இலாகா. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது உச்சிக்குழியில் கை வைப்பது நீங்கள்தான். குழந்தை அழாமல், நிமிர்ந்த நிலையில் இருக்கும்போது அது மெத்தென்று, சமமாகவோ லேசாகப் பள்ளமாகவோ இருக்க வேண்டும். உப்பி, விறைத்து இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். தையல் டேப்பால் மாதம் ஒருமுறை தலையை அளந்து எழுதி வையுங்கள். நிறைமாதக் குழந்தைக்கு முதல் மூன்று மாதம் மாதத்துக்குச் சுமார் 2 செ.மீ., அடுத்த மூன்று மாதம் 1 செ.மீ., பிறகு அரை செ.மீ. வளர்வது வழக்கம். அதைவிட வேகம் என்றால் ஸ்கேன். கண்மணி கீழே இறங்கி, மேலே வெள்ளை மட்டும் தெரிந்தால், அஸ்தமன சூரியன் போல என்று நாங்கள் சொல்வோம், அன்றைக்கே ஸ்கேன்.

ஆபரேஷன் ஆன குழந்தை என்றால் வாந்தி, ஓயாத அழுகை, எழுப்பினாலும் எழாத தூக்கம், காய்ச்சல், குழாய் போகும் பாதையில் சிவப்பு அல்லது வீக்கம், இதில் எது வந்தாலும் உடனே சர்ஜனிடம் போக வேண்டும். மாந்தம், பல் முளைக்கிறது, திருஷ்டி என்று முதலில் வேறு கணக்குப் போடாதீர்கள். திருஷ்டி சுற்றிப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்ட கையோடு ஆட்டோவைக் கூப்பிடுங்கள். அதேபோல ராகு காலம் ஒன்றரை மணி நேரம், சர்ஜன் சம்மதித்தால் பொறுக்கலாம். நல்ல நாளுக்காக இரண்டு வாரம் பொறுக்க முடியாது.

சர்ஜனிடம் நான்கு கேள்வி கேளுங்கள். காரணம் என்ன? இந்தக் குழந்தைக்குத் துவாரம் நிலைக்கும் வாய்ப்பு எத்தனை? இந்த வயதுக் குழந்தைகளுக்கு எந்த முறையை நீங்கள் அதிகம் செய்து பழகியிருக்கிறீர்கள்? பழுதானால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நாங்கள் யாரிடம் வர வேண்டும்? நாலாவதற்குப் பதில் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

எல்லோரும் கேட்பதையும் சொல்லிவிடுகிறேன். ஷன்ட் வைத்த குழந்தைக்கு மொட்டை போடலாமா? காயம் நன்றாக ஆறிய பிறகு, சர்ஜனைக் கேட்டுக்கொண்டு போடலாம். வால்வு இருக்கும் மேட்டை முடி எடுப்பவரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். படிப்பு, உபநயனம், கல்யாணம்? எல்லாம் நடந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எப்படி வளரும் என்பது ஆபரேஷனை மட்டும் பொறுத்ததல்ல. நீர் சேரும் முன் மூளைக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பொறுத்தது.

கல்யாண வயதுப் பெண்கள் இருக்கும் வீட்டுக்கு ஒரு வார்த்தை. முதுகுத்தண்டு மூடாத குறையைப் பெருமளவு தடுக்க ஃபோலிக் அமிலம் உதவுகிறது. முன்பு அப்படி ஒரு குழந்தை பிறந்த தாய்மார்களுக்கு அதிக அளவில் கொடுத்ததில், மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது என்று 1991-லேயே நிரூபணமானது. ஆனால் அந்த முதுகுத்தண்டு கருவான நாலே வாரத்தில் மூடிவிடுகிறது. சீமந்தத்தின்போது நினைத்துக்கொண்டால் பிரயோஜனமில்லை. குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரைக் கேட்டு ஆரம்பிக்க வேண்டும்.

கொலு ஆத்து மாமியின் பேரனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவர் அனுமதியோடு சொல்கிறேன். குறைமாதத்தில் பிறந்து ரத்தம் கசிந்ததால் வந்த நீர். கணக்குப் போட்டால் 40தான். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரம். ஷன்ட் வைத்தார்கள். பிப்ரவரியில் ஒரு நாள் குழந்தை இரண்டு தடவை வாந்தி எடுத்தது. உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்த மாமி, யாரையும் கேட்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். குழாய் அடைத்திருந்தது. அன்று இரவே மாற்றினார்கள். இப்போது பிடித்துக்கொண்டு நிற்கிறான். அடுத்த மாதம் அப்தபூர்த்தி. நீங்கள் எல்லோரும் வந்து ஆசீர்வதிக்க வேண்டும் என்று மாமி உங்களிடம் சொல்லச் சொன்னார்.